பாதி மைதானம் போதும்... ஆறு நாடுகளுக்கு ஒரே கூடைப்பந்து லீக்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பெரிய கூடைப்பந்து மைதானம் தேடி அலைபவர்களா நீங்கள்? ‘3-க்கு 3’ ஆட்டத்துக்குப் பாதி மைதானமும் ஒரு வளையமும் போதும். அணிக்கு மூவர், ஒரு மாற்று வீரர். ஆட்டம் 10 நிமிடம்; அதற்குள் 21 புள்ளிகளைத் தொட்டால் உடனே வெற்றி.

இந்தியா, இலங்கை, நேபாளம், பூடான், வங்கதேசம், மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்காக, ஃபிபா அங்கீகாரத்துடன் ‘3பிஎல்’ தொழில்முறை லீக் 2018-ல் தொடங்கியது. சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட ஆறு நாட்டு அணிகள் 2009-லேயே ஆசியான் லீக்கில் மோதின.

2015-ல் வந்த யுபிஏ லீக்கில் சென்னை ஸ்லாம் அணி ஆடியது. சில சீசன்களிலேயே அந்த லீக் நின்றுபோனது. அதனால்தான் ஐசிஎஃப், ஐஓபி போன்ற நிறுவன அணிகளின் வேலைக்கு இன்றும் மவுசு. லீக் ஆண்டுதோறும் தவறாமல் நடந்தால்தான், ‘பந்து தட்டினா சோறு கிடைக்குமா?’ என்று கேட்கும் வீட்டாருக்குப் பிள்ளைகள் தைரியமாகப் பதில் சொல்ல முடியும்.