பின்னால் வரும் நடைவண்டி

பத்தாவது மாதம் தவழ்ந்து, ஓராண்டு நிறைந்ததும் தச்சர் செய்து கொடுத்த மூன்று சக்கர நடைவண்டியைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு குழந்தை வாசலுக்கு ஓடினால் வீட்டில் எல்லோருக்கும் ஆனந்தம்தான். ஆனால் இரண்டு வயதாகியும் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல், தாயின் இடுப்பை விட்டு இறங்காத குழந்தைகளும் இருக்கிறார்கள். "இவன் தாத்தாகூட மூன்று வயதில்தான் நடந்தார்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலிலேயே ஒரு வருஷம் போய்விடும்.

இதைப் பெருமூளை வாதம் என்கிறார்கள். கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேர்ந்த சேதத்தின் விளைவு இது. காலில் கோளாறு இல்லை. காலுக்குக் கட்டளையிடும் இடத்தில்தான் கோளாறு. மூளையின் சேதம் நாளுக்கு நாள் பெருகுவதில்லை. ஆனால் கவனியாமல் விட்டால் தசைகள் இறுகும், இடுப்பு மூட்டு நழுவும். உலகில் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய இருவருக்கு இது இருக்கிறது.

லண்டன் டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-இல் இதை மருத்துவர் சபையில் விரிவாக எடுத்துச் சொன்னார். அதனால் 'லிட்டில் நோய்' என்றே நெடுங்காலம் பெயர். அவருக்கே ஒரு பாதம் வளைந்திருந்தது என்பது விசேஷம்.

முன்னாலா, பின்னாலா?

நம் வீட்டு நடைவண்டி குழந்தைக்கு முன்னால் ஓடும். குழந்தை அதன்மேல் சாய்ந்து தள்ளும். சாதாரணக் குழந்தைக்கு இது சரி. பெருமூளை வாதமுள்ள குழந்தை ஏற்கெனவே இடுப்பையும் முழங்காலையும் மடக்கிக் குனிந்தே நிற்கும். முன்னால் பிடிமானம் வந்தால் இன்னும் குனியும். ஆகையால் இவர்களில் பலருக்கு மருத்துவர்கள் சிபாரிசு செய்வது பின்னால் வரும் வண்டி. சட்டம் முதுகுப்புறம் இருக்கும். கைப்பிடிகள் இரு பக்கத்திலும் இருக்கும். குழந்தை நிமிர்ந்தால்தான் பிடிக்க முடியும். பின் சக்கரங்கள் பின்னோக்கி உருளாதபடி ஒரு தடுப்பும் உண்டு. முன்பக்கம் திறந்திருப்பதால் மேஜையருகே போகலாம், தம்பியோடு பந்து விளையாடலாம். அதுவும் லேசான லாபமா?

கடையில் விற்கும் வட்டமான, நடுவில் உட்காரவைக்கும் 'பேபி வாக்கர்' வேறு சங்கதி. அதில் குழந்தை தொங்கியபடி நுனிக்காலால் உந்துகிறது. இறுகிய தசை இன்னும் இறுக அதுவே வழி. எந்தக் குழந்தைக்கும் அதனால் ஆபத்து என்று கனடா 2004-இல் அதன் விற்பனைக்கே தடை போட்டது.

நடப்பதற்கு முன் உட்கார வேண்டும்

இரண்டு வயதுக்குள் பிடிப்பின்றி உட்காரும் குழந்தை பெரும்பாலும் பின்னால் ஏதாவது ஒரு விதத்தில் நடந்துவிடும் என்பது மருத்துவர்களின் அனுபவம். உட்காருவதற்கு நல்ல ஆசனம் வேண்டும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் நேர்கோணத்தில் மடங்க வேண்டும். பாதம் பலகையில் பதிய வேண்டும். தொடைகள் பின்னாமலிருக்க நடுவே ஒரு கட்டை, முன்னால் ஒரு தட்டுப் பலகை. இரண்டு பலகைகளைச் சுவரின் மூலை போலச் சேர்த்துச் செய்யும் 'மூலை நாற்காலி'யில் தோள்கள் பின்னுக்கு இழுக்காமல் முன்னே வரும். இயன்முறை மருத்துவர் அளவெடுத்துக் கொடுத்தால் உள்ளூர்த் தச்சரே இதைச் செய்துவிடுவார்.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்பதில்லை. மெக்ஸிகோவின் மலைக்கிராமங்களில் பல ஆண்டுகள் உழைத்த டேவிட் வெர்னர், மரத்தாலும் மூங்கிலாலும் இவ்வித உபகரணங்கள் செய்யும் முறைகளைப் படங்களோடு 1987-இல் தடித்த புத்தகமாக வெளியிட்டார். அவரும் தசை நலிவால் நடக்கச் சிரமப்பட்டவரே.

வண்டி கொடுத்தால் நடக்க மாட்டானா?

பெற்றோர் மனத்தை அரிக்கும் கேள்வி இதுதான். சக்கரத்தில் உட்காரவைத்தால் சோம்பேறியாகிவிடுவான், பிறகு காலை ஊன்றவே மாட்டான் என்ற பயம். அவ்விதம் நேர்வதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. இடம் விட்டு இடம் போகாமல் இருப்பதிலேதான் நஷ்டம்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹெயின் என்ற இருவர் 1963-இல் பூனைக்குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கோடு போட்ட உருளைக்குள் ராட்டினம் மாதிரி ஓர் ஏற்பாடு. ஒரு குட்டி தன் காலால் நடந்து சுற்றியது. இன்னொன்று தொட்டிலில் தொங்கிக்கொண்டு சவாரி செய்தது. இரண்டும் கண்டது ஒரே காட்சி. ஆனால் நடந்த குட்டிக்குத்தான் பள்ளமும் மேடும் புரிந்தன. சவாரி செய்த குட்டி பள்ளத்தின் விளிம்பில் விழித்தது. பிற்பாடு ஓடியாட விட்டபோது அதுவும் கற்றுக்கொண்டது.

இடுப்பிலேயே சுமக்கப்படும் குழந்தையும் எல்லாவற்றையும் பார்க்கிறது. தானாகப் போய்த் தொடுவதில்லை.

இதை மனத்தில் வைத்து டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் காலோவே என்பவர் பொம்மைக் கார்களைப் பிடித்தார். மின்கலத்தில் ஓடும் சாதாரண விளையாட்டுக் கார்தான். கால் பெடலுக்குப் பதில் கையால் அழுத்த ஒரு பெரிய பொத்தான். சாயாமலிருக்கப் பிளாஸ்டிக் குழாயும் பஞ்சு உறையும். சில நூறு டாலரில் வேலை முடிந்தது. மின்சார சக்கர நாற்காலியின் விலையோ பல ஆயிரம் டாலர். பிறகு இன்னொரு யுக்தியும் செய்தார்கள்: உட்கார்ந்தால் நிற்கும், குழந்தை எழுந்து நின்றால் மட்டுமே ஓடும் கார்! சோம்பேறியாக்கும் என்று பயந்த வண்டியே எழுப்பி நிறுத்தும் வாத்தியாராகிவிட்டது.

நம் நாட்டில்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கிட்ட 21 வகைகளில் பெருமூளை வாதமும் ஒன்று. உபகரணங்களுக்கான மத்திய அரசின் உதவித் திட்டம் 1981-இலேயே தொடங்கியது. கான்பூரில் உள்ள அரசு நிறுவனமான அலிம்கோ இக்குழந்தைகளுக்கென்றே நாற்காலி செய்கிறது. தமிழ்நாட்டில் அணுக வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சென்னையில் வித்யாசாகர் நிறுவனம் 1985 முதல் இக்குழந்தைகளுக்காகப் பணி செய்து வருகிறது.

வாங்கும்போது ஒன்று: "வளர்ந்தாலும் ஆகட்டும்" என்று சட்டை தைக்கிற மாதிரி பெரிதாக வாங்கக் கூடாது. இன்றைய அளவுக்கு, உயரம் கூட்டிக் குறைக்கும்படியாக வாங்க வேண்டும். ஷூவுக்குள் அணியும் பிளாஸ்டிக் கணுக்கால் பட்டையைக் கழற்றியபின் தோலைத் தினமும் பார்க்க வேண்டும். சிவப்புத் தடம் சீக்கிரம் மறையாவிட்டால் பட்டை இறுகிவிட்டது என்று பொருள். இடுப்பு மூட்டுக்கு மருத்துவர் சொன்ன காலத்தில் எக்ஸ்ரே எடுப்பதையும் தள்ளிப் போடலாகாது. மூட்டு நழுவுவது வலி வரும்வரை வெளியே தெரிவதில்லை.