உங்கள் மெயில் எந்த ஃபைலில் இருக்கிறது?

கடலூர்க்காரர்களுக்கு டிசம்பர் பிறந்தாலே வயிற்றில் புளி கரைக்கும். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருமழை வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணை வெள்ளம். மழை அறிவிப்பு வந்ததும் வீட்டுப் பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் பரணுக்குப் போய்விடுகின்றன. மேசைக்கடியில் தரையோடு நிற்கும் சிபியு மட்டும் அங்கேயே நிற்கிறது. பல வருடக் கடிதப் போக்குவரத்து அதற்குள் இருப்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

“மெயில் எல்லாம் இன்டர்நெட்டில்தானே இருக்கிறது?” என்று கேட்கலாம். பிரவுசரில் ஜிமெயில் பார்ப்பவருக்கு அது சரி. ஆனால் திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரத்திலோ ஒரு ஆடிட்டர் அலுவலகமோ அச்சகமோ அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற புரோகிராமில் மெயில் பார்த்தால் கதை வேறு. ‘பாப்’ முறையில் அமைத்திருந்தால், மடல் கம்ப்யூட்டருக்கு இறங்கிய பிறகு சர்வரிலிருந்து அழிந்துவிடும்படி செட்டிங் இருக்கக்கூடும். அப்படியானால் உலகத்திலேயே அந்த மடலுக்கு ஒரே பிரதிதான். அது உங்கள் மேசைக்கடியில் இருக்கிறது. ‘ஐமேப்’ முறையில் மூலப்பிரதி சர்வரில் இருக்கும். கம்ப்யூட்டரில் இருப்பது அதன் நகல்.

ஃபார்மேட் அடிக்கும் முன்

வெள்ளம் மட்டுமல்ல, சர்வீஸ் மேசையும் மெயிலைக் கொண்டுபோகும். சிஸ்டம் மெதுவாக ஓடுகிறது என்று கொண்டுபோகிறோம். “டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் டி டிரைவுல எடுத்து வெச்சாச்சு சார், ஃபார்மேட் அடிச்சிடலாமா?” என்று கேட்கிறார்கள். தலையாட்டுகிறோம். தண்டர்பேர்ட் தன் மடல்களை வைப்பது இந்த இரண்டு இடத்திலுமே இல்லை. சி டிரைவில், யூசர் பெயருக்கு உள்ளே, ‘ஆப்டேட்டா’ என்ற ஃபோல்டரில், ‘ரோமிங்’, ‘தண்டர்பேர்ட்’, ‘புரொஃபைல்ஸ்’ என்று வரிசையாக உள்ளே போனால்தான் அவை கிடைக்கும். ஆப்டேட்டாவை விண்டோஸ் சாதாரணமாகக் கண்ணுக்குக் காட்டாது. கண்ணில் படாததை சர்வீஸ்காரர் எப்படி எடுத்து வைப்பார்?

அந்த ஃபோல்டருக்குள் தேடினால் ‘இன்பாக்ஸ்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். பெயருக்குப் பின்னால் புள்ளியும் இருக்காது, எழுத்தும் இருக்காது. ‘எம்பாக்ஸ்’ என்ற பழைய முறை இது. கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி, வந்த மடல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே ஃபைலில் ஏறிக்கொண்டே போகும். அதை ஒரு நகல் எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். ‘ஃப்ரம்’ என்ற சொல்லோடு ஒவ்வொரு மடலும் தொடங்கும். பிறகு எந்தெந்த சர்வர் வழியாக எத்தனை மணிக்கு வந்தது என்ற விவரம், தேதி, தலைப்பு, கடைசியில் மடல். கூட வந்த போட்டோ வெறும் எழுத்தும் எண்ணுமாகப் பக்கம் பக்கமாக நீளும். மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றி அனுப்புவதால் 3 எம்பி படம் இங்கே 4 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். தமிழில் எழுதிய மடலும் பல நேரம் இதே கோலத்தில்தான் இருக்கும்.

பக்கத்திலேயே ‘எம்எஸ்எஃப்’ என்று முடியும் சிறு ஃபைல் ஒன்று இருக்கும். அது வெறும் அட்டவணை. திரையில் தெரியும் பட்டியல் அதிலிருந்து வருகிறது. இது கெட்டுப்போனால் இன்பாக்ஸ் காலியானது போலத் தோன்றும். மடல்கள் பத்திரமாகவே இருக்கும். ஃபோல்டரை ரிப்பேர் செய்யச் சொன்னால் அட்டவணை புதிதாக உருவாகிவிடும். அதேபோல் நீங்கள் அழித்த மடலும் உடனே போய்விடாது. அழிந்ததாக ஓர் அடையாளம் விழும். ‘காம்பாக்ட்’ செய்யும்போதுதான் ஃபைலிலிருந்து நீங்கும்.

அவுட்லுக்கின் வழி வேறு. ‘பாப்’ முறையில் மடல், முகவரி, காலண்டர் எல்லாம் ஒரே ‘பிஎஸ்டி’ ஃபைலில் அடங்கும். 2002 பதிப்பு வரை அதற்கு 2 ஜிபிதான் எல்லை. அதைத் தாண்டிய ஃபைல் திறக்க மறுத்துத் தவிக்கவிட்டது. 2003-இல் வந்த புதிய முறை அதை 20 ஜிபி ஆக்கியது, 2010 பதிப்பு 50 ஜிபி ஆக்கியது. ஆனாலும் எல்லாம் ஒரே ஃபைல் என்பதால் ஓரிடத்தில் பழுது வந்தால் மொத்தத்துக்கும் ஆபத்து. எம்பாக்ஸிலும் இருந்த இந்த ஒரே-ஃபைல் சிக்கலைத் தவிர்க்கத்தான் புரோகிராமர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990-களில் ‘மெயில்டிர்’ முறையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு மடலுக்கு ஒரு ஃபைல். எழுதும் நடுவில் கரன்ட் போனால் அந்த ஒரு மடலோடு சேதம் நிற்கும். பல மெயில் சர்வர்கள் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

தில்லையில் செல்லரித்த ஏடுகள்

ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைப்பதன் விலை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறைக்குள் இருந்தன என்றும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்றும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பூட்டு திருடனைத் தடுக்கும், கறையானைத் தடுக்காது. சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. எந்த ஏட்டிலும் இல்லாத அந்தப் பதிகம், அவ்வூர்க் கோயில் கல்வெட்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. வேறோர் இடத்தில், வேறொரு பொருளில் யாரோ எடுத்து வைத்த பிரதி அதைக் காப்பாற்றியது.

இன்றைய மடலுக்கும் இதுவே வழி. புரோகிராமை மூடிவிட்டு, தண்டர்பேர்ட் என்றால் புரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும், அவுட்லுக் என்றால் பிஎஸ்டி ஃபைலையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அந்த டிஸ்க் அதே மேசை டிராயரில் இருந்தால் பயனில்லை. மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டுக்கோ கிளவுடுக்கோ இன்னொரு பிரதி போகட்டும். முக்கியமான மடல்களைத் தனித்தனி ‘இஎம்எல்’ ஃபைலாகவும் சேமியுங்கள். பல புரோகிராம்கள் அதைத் திறக்கும். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்தில் வந்த பழைய தமிழ் மடல் இருந்தால், மாற்றித் தரும் கருவிகள் கிடைக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஃபைல் முழுசாக இருந்தும் படிக்க முடியாமல் போவதும் இழப்புதான். எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

இது நம் வசதிக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. ஆடிட்டரின் கம்ப்யூட்டரில் இருப்பது கடைக்காரர் தந்த ஒப்புதல். வக்கீலின் கம்ப்யூட்டரில் இருப்பது கட்சிக்காரரின் சாட்சியம். நம்பி அனுப்பியவர்களின் கடிதத்துக்கு நாம் பொறுப்பு. ஐப்பசி மழைக்கு ஓடு மாற்றும்போதே இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம்.