வலை வெறுமையாக வந்த நாளில்

திருக்கோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரத்தில் அமைந்திருக்கிறது சல்லி என்னும் சிற்றூர். முத்துமாரியம்மன் கோயிலால் பெயர்பெற்ற ஊர் அது. ‘சல்லி’ என்றால் தமிழ் வழக்கில் சிறு காசு. சிங்களத்திலோ பணம் என்றே பொருள். ஊருக்கு அப்பெயர் வந்த காரணத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. எனினும், நாடுகள் பட்ட கடனைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இப்பெயர் நம் நினைவில் வந்து நிற்கிறது. கோடிக்கணக்கில் வாங்கிய கடனின் சுமை, முடிவில் சல்லிக்காசை எண்ணிச் செலவிடுவோர் தலையிலன்றோ வந்து இறங்குகிறது!

நம் கரையோரங்களில் கரைவலை இழுப்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். இரு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இழுக்க, மடி மெல்லக் கரைசேரும். மீன் விற்ற பணத்தில் வலைக்குரியவருக்கு ஒரு பங்கு. இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. மடி வெறுமையாக வந்தால் ஒருவருக்கும் பங்கு இல்லை. ஊதியம் பொதுவானதுபோல நட்டமும் பொதுவானது. வட்டிக் கடனின் நியாயம் வேறு. கடல் கொந்தளித்தாலும், வள்ளம் உடைந்தாலும், அது பாட்டில் வளர்ந்துகொண்டேயிருக்கும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கிற்று. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதமே, கடன் கொடுத்த அரசுகளின் கூட்டமைப்பாகிய ‘பாரிஸ் கழகம்’ பாதிக்கப்பட்ட நாடுகளுக்குச் சலுகையளிக்க முன்வந்தது. இலங்கையும் அதனை ஏற்றது. ஆனால், அச்சலுகை யாது? 2005ஆம் ஆண்டுத் தவணைகள் பின்தள்ளப்பட்டன, நீக்கப்படவில்லை. அவற்றைப் பின்னர் வட்டியோடு செலுத்த வேண்டியிருந்தது. வலையோடு வள்ளத்தையும் கடல் கொண்டுபோன வீட்டுக்காரனிடம், “இவ்வாண்டு பொறுத்துக்கொள்கிறோம், அடுத்த ஆண்டு சேர்த்துத் தா” என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கடனை அறவே நீக்குவது நடவாத காரியம் என்பாருமுளர். அன்னார் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பாராக. 1953ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் லண்டனில் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. போரில் நொறுங்கிக் கிடந்த மேற்கு ஜேர்மனியின் வெளிக்கடனில் ஏறக்குறையப் பாதி தள்ளுபடி செய்யப்பட்டது. எஞ்சிய பாதியையும், ஏற்றுமதியால் வரும் மிச்சத்திலிருந்து கட்டக்கூடிய அளவிலேயே தவணைகளாக வகுத்தனர். நம் கரைவலையின் நியாயந்தான் இது! அந்த ஒப்பந்தத்தில் கடன் கொடுத்தோர் பக்கத்தில் நின்று கையொப்பமிட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று என்பதை நம் மாணவர் எத்தனைபேர் அறிவர்?

பிற்காலத்தில் இந்நியாயத்தை ஏழை நாடுகளுக்கும் கேட்டு எழுந்ததே ‘யூபிலி 2000’ இயக்கம். ஐம்பதாவது ஆண்டில் அடிமைகளை விடுவித்து, இழந்த காணிகளை மீட்டளிக்கும் எபிரேயர் மரபிலிருந்து அப்பெயர் பிறந்தது. 1998 மே மாதத்தில், வல்லரசுத் தலைவர்கள் பேர்மிங்காம் நகரில் கூடியபோது, ஏறக்குறைய 70,000 மக்கள் கைகோத்து நகரின் நடுவைச் சுற்றி நின்றனர். மறு ஆண்டு கொலோன் மாநாட்டில் தலைவர்கள் இணங்கி வந்தனர். அதன் பயனாக, 30க்கும் மேற்பட்ட நாடுகளின் கடனில் பெரும்பகுதி காலப்போக்கில் நீங்கியது. இத்திட்டத்தின்கீழ் முதன்முதல் நிவாரணம் பெற்ற உகண்டா, மிச்சமான பணத்தை ஆரம்பக் கல்வி முதலிய பணிகளுக்கு ஒதுக்கியது.

அத்திட்டத்தில் சேரும் தகுதி இலங்கைக்கும் உண்டென்று 2006ஆம் ஆண்டளவில் கணிக்கப்பட்டது. நம் அரசாங்கம் அதனை விரும்பவில்லை. மறு ஆண்டிலேயே உலகச் சந்தையில் 50 கோடி டொலருக்குப் பிணைமுறி விற்றுப் புதுக்கடன் பெறலாயிற்று. இவ்வழி வளர்ந்த கடன் பிறவற்றோடு சேர்ந்து, 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிக்கடன் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று அறிவிக்கும் நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. கடற்றொழிலாளரின் சிறு வள்ளங்களின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. பிணைமுறியை விற்றவரும் வாங்கியவரும் எங்கோ இருக்க, வள்ளத்தைக் கரையிலேற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவன் நம் கரையோரத்து மனிதன்.

கடனைத் தள்ளுபடி செய்தால் ஊதாரித்தனம் பெருகாதா என்று கேட்கலாம். கேட்கத் தக்க கேள்வியே. ஆட்சியாளரின் பிழையை நாம் மூடி மறைக்கவில்லை. ஆயின், திருப்பித் தர இயலுமா என்று பாராமல், உயர்ந்த வட்டியை நாடிக் கொடுத்தவருக்கும் அப்பிழையில் பங்கு உண்டன்றோ? ஊதியத்தை நாடி வலைக்கு முதலிட்டவர், வலை வெறுமையாக வரும் நாளையும் ஏற்கத்தான் வேண்டும்.

சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலில் ஒரு முதியவர் ஓலையுடன் தோன்றி, “உன் பாட்டன் தன்னையும் தன் வழியினரையும் எமக்கு அடிமையென எழுதித் தந்தான்” என்று வழக்கிட்டதாகப் பெரியபுராணம் கூறும். வந்தவர் இறைவனே. எனினும் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் மூலவோலையைக் கேட்டனர். பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்பளித்தனர். இறைவனிடமே ஓலையைக் காட்டச் சொன்ன மரபு நம்முடையது. அங்ஙனமாக, இன்னும் பிறவாத பேரப்பிள்ளைகளைக் கட்டும் கடனோலைகளை நம் பெயரால் எழுதுகின்றவர்களிடம், அவற்றைக் காட்டுங்கள் என்று நாம் கேட்கலாகாதா?

எவரிடம், எவ்வளவு, என்ன வட்டிக்கு, எதன் பொருட்டு வாங்கினீர்கள்? இந்த நான்கு கேள்விகளையும் கேட்க நம் இளைஞர் கற்றுக்கொள்ளட்டும். கடன் நீக்கம் கேட்பது பிச்சையன்று. கடற்கரையில் நாள்தோறும் நடைபெறும் பங்கு நியாயத்தை உலகத்தாரும் ஏற்க வேண்டுமென்று கேட்பதேயாம்.