வேர்ப்பூஞ்சையும் மணிச்சத்தும்: உயிர் உரம் என்னும் பெயரின் பொருத்தம்

முன்னுரை

வேளாண் நூல்கள் ரைசோபியம், அசோஸ்பைரில்லம் ஆகியவற்றோடு வேர்ப்பூஞ்சையையும் உயிர் உரம் என்னும் ஒரே தலைப்பில் வைத்துப் பேசுகின்றன. முன்னிரண்டும் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தி மண்ணுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பவை. வேர்ப்பூஞ்சை அவ்வாறு எதையும் சேர்ப்பதில்லை. மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் மணிச்சத்தை வேருக்குக் கொண்டுவந்து தருகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் அதனை வேதி உரத்திற்கு மாற்றாகப் பரிந்துரைக்கும்போது, பயன் தரும் நிலமும் தராத நிலமும் ஒன்றாக எண்ணப்படுகின்றன. இழப்பு உழவரைச் சேர்கிறது.

வேர்ப்பூஞ்சையின் இயல்பு

செருமானியத் தாவரவியலார் ஆல்பர்ட் பெர்னார்ட் பிராங்க், பிரஷ்ய அரசின் பொருட்டு டிரஃபிள் என்னும் நிலத்தடிக் காளானை வளர்க்க வழிதேடியபோது, மரங்களின் வேர்நுனியைப் பூஞ்சை உறைபோல் மூடியிருப்பதைக் கண்டார். அவ்விணைப்பிற்கு 1885-இல் மைக்கோரைசா எனப் பெயரிட்டார். பூஞ்சை, வேர் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. பெரும்பாலான பயிர்களில் காணப்படுவது வேறொரு வகை. அது உறையாக நில்லாமல் வேரின் புறணிச் செல்களுக்குள் நுழைந்து, சிறு மரம்போலக் கிளைக்கிறது. ஸ்காட்லாந்தின் ரைனிப் பாறைகளில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைமையுடைய தாவரப் புதைபடிவங்களிலும் இக்கிளைப்பு காணப்படுகிறது.

மணிச்சத்து மண்ணில் எளிதில் நகர்வதில்லை. அமில மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும் அது பிணைந்துவிடுகிறது. இட்ட சூப்பர் பாஸ்பேட்டில் பெரும்பகுதி அப்பருவத்துப் பயிருக்கு எட்டாமற்போவதற்கு இதுவே காரணம். வேரோ தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தொலைவிலுள்ளதை விரைவில் உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. வேர்த்தூவியைவிட மெல்லிய பூஞ்சை இழைகள் அவ்வெற்றிடத்தைக் கடந்து பல சென்டிமீட்டர் பரவி மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொணர்கின்றன. இதற்கு ஈடாகத் தாவரம் தன் ஒளிச்சேர்க்கையில் விளைந்த சர்க்கரையையும் கொழுப்பையும் கொடுக்கிறது. ஆகவே இது இலவச உதவியன்று. மண்ணில் மணிச்சத்து மிகுந்திருந்தால் தாவரம், பூஞ்சையை அழைக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருளைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது, உறவும் தளர்கிறது. முழு அளவு மணிச்சத்து உரத்தையும் வேர்ப்பூஞ்சையையும் ஒருங்கே இடுவது ஒன்றால் மற்றொன்றை வீணாக்குவதாகும்.

மரவள்ளி தரும் சான்று

மரவள்ளியின் வேர்கள் பருமனானவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை. ஊட்டக் கரைசலில் வளர்த்தபோது அதற்கு மிக உயர்ந்த மணிச்சத்துச் செறிவு தேவைப்பட்டது. ஆயினும் பிற பயிர்கள் தளரும் வளமற்ற நிலத்தில் அது செழித்தது. இம்முரணுக்குக் கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தின் ஆய்வுகள் விடை தந்தன. நுண்ணுயிர் நீக்கிய மண்ணில் மரவள்ளி குன்றியது. பூஞ்சையைச் சேர்த்ததும் தேறியது.

இம்முடிவு மட்டுமே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதே ஆய்வுகளின் மறுபகுதி அத்துணைக் கவனம் பெறுவதில்லை. இயல்பான வயல்மண்ணில் பூஞ்சை இட்டதன் பயன் இடத்துக்கு இடம் வேறுபட்டது. உள்ளூர்ப் பூஞ்சைகள் போதிய அளவில் இருந்த வயலில் வெளியிலிருந்து இட்டது பெரிதாக எதையும் மாற்றவில்லை. சேலம், நாமக்கல் பகுதிகளில் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பயிரிடுவோருக்கு இம்மறுபகுதியே கூடுதலாகப் பயன்படும்.

வயலில் பேணுதல்

அவ்வாறாயின், உள்ளூர்ப் பூஞ்சை எங்கே குறைந்திருக்கும் என்பதே முதல் வினா. நெடுநாள் வெறுந்தரிசாகக் கிடந்த நிலம், மேல்மண் அகற்றப்பட்ட நிலம், நுண்ணுயிர் நீக்கிய நாற்றங்கால் மண் ஆகியன அத்தகையன. முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு, பீட்ரூட் ஆகியவை இப்பூஞ்சையை ஏற்பதில்லை. அவற்றைத் தொடர்ந்து பயிரிட்ட வயலிலும் அது குறையும். மிகுதியான உழவு இழைவலையை அறுக்கும். சோளம், பயறு வகைகள் போன்றவற்றைச் சுழற்சியில் சேர்த்தால் விலையின்றியே அது பெருகும்.

இப்பூஞ்சை உயிருள்ள வேரின்றித் தன் வாழ்வை நிறைவுசெய்யாது. எனவே பாக்டீரிய உரங்களைப்போல் வெறும் ஊட்டக்கலவையில் பெருக்க இயலாமல், மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் வளர்த்து, வித்துகளும் வேர்த்துண்டுகளும் கலந்த மண்ணாகவோ வெர்மிகுலைட்டாகவோ வழங்குகின்றனர். இளவேர் தொடும் இடத்தில், விதைக்கோ கரணைக்கோ அடியில் அதனை இடவேண்டும். வளர்ந்த பயிரின்மேல் யூரியாவைப்போல் தூவுவது பயன்படாது. கார்பென்டசிம் கரைசலில் நனைத்த கரணையை நட்டு, அதே குழியில் வேர்ப்பூஞ்சையையும் இடும் வழக்கம் கைவிடத்தக்கது, முன்னது பூஞ்சைக்கொல்லி.