'படி' என்று எழுதும் முன்...

நமது கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'படி' என்ற சொல் காதில் விழுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? "ஒரு படி உளுந்து போடுப்பா" என்கிறார் வயதான அம்மா. "சொன்னபடி சரக்கு வரவில்லையே" என்று மொத்த வியாபாரியிடம் தொலைபேசியில் கேட்கிறோம். "விலை படியவில்லை" என்று தரகர் எழுந்து போகிறார். வெளியூர் வசூலுக்குப் போய் வந்த பையன் பயணப்படி கேட்கிறான். பாக்கி வைத்துவிட்டு நம் கடைப்படி ஏறாதவரும் உண்டு. எழுத்து இரண்டு, வேலையோ பத்து.

வியாபாரிக்குப் படி என்றால் முதலில் அளவுதான். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்பது பெரியவர்கள் மனப்பாடமாகச் சொன்ன வாய்ப்பாடு. தானியம் அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது மரபு. மதுரையில் மார்கழி மாத அஷ்டமி சப்பரத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வீதிவலம் வந்து எல்லா உயிர்களுக்கும் படியளப்பதாக ஐதீகம். நமக்குச் சோறு போடுபவரை 'படியளப்பவர்' என்று சொல்வதும் இந்த வழியில் வந்ததே. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழகத்தையே கலக்கியதை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் படி எல்லா ஊரிலும் ஒரே படியாக இருந்ததில்லை. சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி என்று வித்தியாசம். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதிலும் தகராறு. போதாக்குறைக்கு, ஒரு படி அரிசியின் எடை வேறு, ஒரு படி அவலின் எடை வேறு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1956-ல் எடை, அளவுகளுக்கு மத்திய சட்டம் வந்து மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ள 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படியும் விலையைக் கிலோ, லிட்டர் போன்ற நிர்ணயித்த அலகுகளில்தான் சொல்ல வேண்டும். "படி இன்ன விலை" என்று பலகையில் எழுதி வைப்பது குற்றம்.

அளவுப்படியாவது சட்டத்தோடு போயிற்று. 'அதன் பிரகாரம்' என்ற பொருளில் வரும் படிதான் நம்மை இன்றும் மாட்டி வைக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், "போன தடவை விலைப்படி 5 மூட்டை துவரம்பருப்பு அனுப்பவும்" என்று சீட்டு எழுதி அனுப்பினார். போன தடவை சரக்கு எடுத்த விலை என்பது அவர் எண்ணம். போன தடவை தொலைபேசியில் பேசிய விலை என்று மண்டிக்காரர் பில் போட்டார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பல வருடப் பழக்கம் ஒரு சீட்டில் கசந்தது.

இதற்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. 'பழைய விலைப்படி' என்று எழுதாமல், தேதியையும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்பதையும் எழுதுங்கள். 'மாதிரிப்படி' என்று வாங்கினால், மாதிரியில் ஒரு பொட்டலத்தைக் கட்டி இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். மாதிரி காட்டி விற்ற சரக்கு முழுவதும் அந்த மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்று 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமே சொல்கிறது. ஆனால் ஒப்பிட்டுக் காட்ட மாதிரி கையில் இருக்க வேண்டுமே! எழுதிய சீட்டுக்கு ஒரு படி எடுத்து, அதாவது நகல் எடுத்து, நம்மிடம் வைத்துக் கொள்வதும் நல்லது.

உளுந்து கேட்கும் அம்மாவிடம் சட்டம் பேச வேண்டாம். எத்தனை கிலோ வேண்டும் என்று அன்பாகக் கேட்டு, தராசில் நிறுத்து, பில்லில் கிலோவாகவே எழுதிக் கொடுப்போம். வாய்ப்பேச்சில் படி எந்தப் பொருளில் வந்தாலும் வரட்டும்; காகிதத்தில் மட்டும் ஒரே பொருளோடு இருக்கட்டும். அப்போதுதான் பேரமும் படியும், பழக்கமும் நிலைக்கும்.