‘ஹெரெசி’ என்னும் சொல்லின் கிரேக்க மூலம்

ஆங்கில இறையியல் நூல்களிற் பயிலும் ‘ஹெரெசி’ என்னுஞ் சொல், திருச்சபை ஏற்ற கோட்பாட்டுக்கு மாறான கொள்கையைக் குறிப்பது. கண்டனப் பொருளின்றி அச்சொல் வழங்குதல் அரிது. ஆயின், அதன் கிரேக்க மூலத்தை நோக்குமிடத்து, அங்கே கண்டனத்தின் சாயல்தானும் இல்லாமையை நாம் காண்கின்றோம்.

கிரேக்கத்தில் ‘ஹைரேயின்’ என்னும் வினை ‘எடுத்தல்’ எனப் பொருள்படும். தற்பயன் கருதி வரும் வடிவில் அது ‘தனக்கென எடுத்துக்கொள்ளல்’, அதாவது ‘தெரிதல்’ என்றாகும். அதனடியாகப் பிறந்த ‘ஹைரெசிஸ்’ என்னும் பெயர், தெரிவினையும், தெரிந்துகொண்ட கொள்கையினையும், அக்கொள்கை வழி நிற்கும் குழுவினையும் குறித்தது. மெய்யியற் பள்ளிகளும் மருத்துவப் பள்ளிகளும் இச்சொல்லாற் சுட்டப்பட்டன. கி.பி. முதலாம் நூற்றாண்டினரான யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், பரிசேயர், சதுசேயர், எசேனியர் ஆகிய பிரிவினரை இச்சொல்லாலேயே குறித்தார். பரிசேயர் நெறியைத் தாமும் மேற்கொண்டதாகக் கூறும் அவர், இதனை இழிசொல்லாகக் கொண்டிருத்தல் இயலாது.

புதிய ஏற்பாட்டில் இருநிலையும் உள. அப்போஸ்தலர் நடபடிகளில் இச்சொல் சதுசேயரையும் பரிசேயரையும் வெறுமனே சுட்டுகின்றது. கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்திலோ தீச்செயல்களின் வரிசையில் இடம்பெறுகின்றது. கி.பி. 180 அளவில் லியோன் நகர ஆயர் இரேனியஸ் மாற்றுக் கொள்கைகளை மறுத்து ஐந்து பாகங்கொண்ட நூலை இயற்றிய காலத்திற் கண்டனப் பொருள் வேரூன்றிவிட்டது. 380 இற் பேரரசர் தியோடோசியஸ் பிறப்பித்த ஆணை அதனைத் தண்டனைக்குரியதாக்கிற்று. இலத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியாகச் சொல் ஆங்கிலத்தை அடைந்தது. 1401 இல் இங்கிலாந்து இயற்றிய சட்டமொன்று இக்குற்றத்துக்கு எரித்துக் கொல்லுதலைத் தண்டனையாக விதித்தது. அத்தண்டனை 1677 இலேயே நீக்கப்பட்டது.

தமிழில் நெடுங்காலமாக வழங்கும் புரட்டஸ்தாந்து வேதாகம மொழிபெயர்ப்பிலும் இவ்வரலாற்றின் தடம் உண்டு. ஒரே கிரேக்கச் சொல் அங்கே ‘சமயம்’, ‘மதபேதம்’, ‘மார்க்கபேதம்’, ‘வேதப்புரட்டு’ என இடத்துக்கேற்ப நால்வகையாகப் பெயர்க்கப்பட்டுள்ளது. முதற்சொல்லுக்கும் ஈற்றுச்சொல்லுக்கும் இடையிலுள்ள தூரமே ‘ஹைரெசிஸ்’ கடந்த தூரம் எனலாம்.

தெரிதல் என்னுஞ் செயல் மாறவில்லை. அதனை நோக்கிய சமூகத்தின் பார்வையே மாறிற்று. ஆதலின், பழைய நூல்களில் இச்சொல்லைக் காணுந்தோறும் பிற்காலப் பொருளை அதன்மீது ஏற்றாது, சொன்னவர் யார், எக்காலத்தவர் என்பவற்றை ஆராய்ந்தே பொருள் கொள்ளுதல் நம் கடனாகும்.