இழுபட்டால்தான் பிடிக்கும்

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். டீசல் ஜீப்பின் எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து, டர்போவின் பூஸ்ட்டையும் கூட்டியிருக்கிறார். கோதையாறு ஏற்றத்தில் வண்டி பறந்ததாம். பிறகு ரேடியேட்டரில் குமிழி வந்து, எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் போய்விட்டது. இனி கம்பெனி ஹெட் போல்ட்டையே போடுவதா, தலையில்லாமல் இரு முனையிலும் மரையுள்ள வெளிநாட்டு ஸ்டட் வாங்குவதா என்று கேட்கிறார். ரப்பர் தடி லாரிகளும் கல் டிப்பர்களும் ஓடும் திருவட்டாறு பக்கத்தில் இது பலருக்கும் உள்ள சந்தேகம்தான்.

முதலில் ஒரு கணக்கு. உதாரணத்துக்கு, 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் எஞ்சினில் சிலிண்டரின் குறுக்களவு 85 மி.மீ. உள்ளே எரியும் அழுத்தம் 160 பார் என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை மேலே தள்ளும் விசை 9 டன்னைத் தாண்டும். பூஸ்ட்டைக் கூட்டி 200 பார் ஆக்கினால் 11.5 டன். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை விழும் இந்த உதையைத் தாங்குவது விரல் தடிமன் உள்ள சில போல்ட்டுகள்.

அவை எப்படித் தாங்குகின்றன என்பதுதான் எனக்கு அலுக்காத அதிசயம். ஹெட் போல்ட் ஒரு ஸ்பிரிங். முடுக்க முடுக்க அது நீளும். 12 மி.மீ. தடிமனும் 120 மி.மீ. நீளமும் உள்ள நல்ல போல்ட்டைச் சரியாக முடுக்கினால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இழுபடும். பழைய நீளத்துக்குத் திரும்ப அது துடிக்கிற துடிப்புதான் ஹெட்டை பிளாக்கோடு 5 டன் அளவுக்கு அழுத்திப் பிடிக்கிறது. தடி ஏற்றிய லாரியில் கயிற்றை முறுக்கி இழுத்துக் கட்டுவதை எங்கள் தெருவில் தினமும் பார்க்கிறேன். கயிறு விறைப்பாக நிற்கும்வரை எந்தக் குழியிலும் தடி அசையாது, தளர்ந்தால் முதல் திருப்பத்திலேயே சரியும். ஹெட்டும் அப்படித்தான். போல்ட் அறுந்தால்தான் கேஸ்கட் போகும் என்பதில்லை. உள்ளிருந்து தள்ளும் விசை போல்ட்டின் பிடியை மிஞ்சினால் போதும், ஹெட் மயிரிழை அளவு தூக்கிக் கொடுக்கும். கேஸ்கட் அந்த இடத்தில் தீய்ந்துவிடும்.

சூடும் இதில் சேரும். ஒரே சூட்டில் அலுமினிய ஹெட் எஃகு போல்ட்டைப் போல இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் ஓவர்ஹீட் ஆனால் ஹெட் விரிந்து போல்ட்டை அளவுக்கு மீறி இழுக்கும். ஒருமுறை அப்படி நீண்ட போல்ட் ஆறியபிறகு பழையபடி பிடிக்காது.

போல்ட்டின் தலையில் 10.9 என்று பொறித்திருந்தால், அறுபடும் பலம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ. அதில் 90 சதவீதம் வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும். இந்த ரக உறுதியான போல்ட்டுகளை 1966 முதல் சென்னை பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் செய்கிறது. அமெரிக்காவின் ஏ.ஆர்.பி. 2000 ரக ஸ்டட்டின் பலம் 150 கிலோவுக்கு மேல்.

பலத்தைவிட ஸ்டட்டின் அருமை அதை மாட்டும் விதத்தில் இருக்கிறது. போல்ட்டை முடுக்கும்போது அது பிளாக்கின் மரையில் உராய்ந்து சுற்றிக்கொண்டே நீள்கிறது. இழுவையோடு முறுக்கும் அதன் உடம்பில் ஏறுகிறது. ஸ்டட்டைக் கையால் திருகி இறக்கிவிட்டால் அதோடு சரி. மேலே நட்டு மட்டும் நுண்ணிய மரையில் சுற்றும். ஸ்டட்டுக்கு நேரான இழுவை, பிளாக்கின் மரைக்கும் தேய்மானமில்லை. அமெரிக்காவில் 2003 மாடலிலிருந்து வந்த ஃபோர்டு 6.0 லிட்டர் டீசலில் கேஸ்கட் தொல்லை பேர்போனது. ஸ்டட் போடுவதுதான் அங்கே வழக்கமான பரிகாரம்.

இனி டார்க் ரெஞ்ச் சொல்லும் பொய். நாம் போடும் பலத்தில் சுமார் பாதி தலைக்கு அடியில் உராய்வாகப் போகிறது. 40 சதவீதம் மரையில் போகிறது. மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுக்கிறது. மரை காய்ந்திருந்தால், துருப்பிடித்திருந்தால் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும், பிடி மட்டும் பாதியாக இருக்கும். வழுக்கும் கிரீஸைத் தடவிவிட்டு எண்ணெய்க்குச் சொன்ன அளவில் முடுக்கினால் போல்ட் வரம்பு மீறி நீளும். எந்த மசகுக்கு எந்த அளவு என்று தயாரிப்பாளர் சொல்வதை அப்படியே கேட்பதுதான் வழி. பிளாக்கின் துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் இறங்கும் போல்ட் அதை அழுத்தி பிளாக்கையே விரிசல் விட வைக்கும். காற்றடித்துத் துளையைச் சுத்தம் செய்யும் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் வேலையின் தரம் தெரியும்.

தம்பிக்கு என் பதில் இது. வண்டி கம்பெனி செட்டிங்கில் ஓடுவதாக இருந்தால் புது கம்பெனி போல்ட்டே போதும். இப்போதைய டீசல்களில் பல ஹெட் போல்ட்டுகள் டார்க் போட்டபின் டிகிரி கணக்கில் திருகி, நிரந்தரமாக நீளும் எல்லைவரை முடுக்கப்படுபவை. அவற்றைக் கழற்றி மறுபடி போடுவது பாவம். பூஸ்ட்டை உண்மையிலேயே ஏற்றி, ஹெட்டை அடிக்கடி இறக்க வேண்டியிருந்தால் ஸ்டட் வாங்கலாம். ஆனால் ஹெட்டை ஸ்டட்டின் உயரம் முழுக்கத் தூக்கினால்தான் வெளியே எடுக்க முடியும். பானெட்டுக்குள் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒன்று மனசில் இருக்கட்டும். எந்த ஸ்டட்டும் வளைந்த ஹெட்டை நேராக்காது, அடைத்த ரேடியேட்டரைத் திறக்காது. பிடி கெட்டியானால் கூடுதல் அழுத்தம் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் தேடிப் போகும். நம்மவர்கள் இறக்குமதி ஸ்டட்டுக்குக் கேட்ட விலை கொடுப்பார்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்கவோ, வரிசைப்படி மூன்று சுற்றாக முடுக்கவோ மெக்கானிக் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சாயங்காலமே வண்டி வேண்டுமென்று நாம் நெருக்கினால் துளையில் தேங்கிய எண்ணெயை யார் பார்ப்பார்? பொருளுக்குக் கொடுக்கிற மதிப்பை அதை மாட்டுகிற கைக்கும் கொடுங்கள். அதன்பிறகு போல்ட்டா ஸ்டட்டா என்பதை முடிவு செய்யலாம்.